ஒண்ணு புள்ளி நாலு மூணு அஞ்சு

அந்தப் பெட்டி வருடத்துக்கு இரண்டு முறைதான் திறக்கும். ஆயுத பூஜையன்று ஒரு தடவை, செய்முறைத் தேர்வன்று ஒரு தடவை. மற்ற நாட்களில் சர்வே லேபின் இரும்பு பீரோவுக்குள், மேல்தட்டில், பச்சைப் பட்டுத்துண்டு போர்த்திக்கொண்டு அறிதுயிலில் இருக்கும். பீரோச் சாவி துறைத்தலைவர் டாக்டர் வெங்கட்ராமனின் இடுப்பில் இருக்கும். அவர் குளிக்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை என்று பேச்சு.

பெட்டிக்குள் இருந்தது ஒரு லெவல் கருவி. முக்காலியில் ஏற்றி, குழாயில் கண்ணை வைத்து, தூரத்தில் ஒருவர் நிமிர்த்திப் பிடித்திருக்கும் அளவுக்கட்டையைப் பார்த்து, இந்த இடம் அந்த இடத்தைவிட எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம் என்று சொல்வதற்கான சாமான். ரோடு போடுகிறவர்களிடம் இருக்கும். வாய்க்கால் வெட்டுகிறவர்களிடம் இருக்கும். மழையில் நனையும், லாரியில் சிமெண்டு மூட்டையோடு புரளும். ஆனால் அமராவதிபுதூருக்கு அந்தப் பக்கம் பொட்டல் நடுவே நிற்கும் அந்தப் பொறியியல் கல்லூரியில் இருந்தது அப்படி அலைந்து திரிகிற ஜாதி இல்லை. சேர்மன் வள்ளியப்பன் ஜெர்மனிக்குக் கல்விப் பயணம் போனபோது வாங்கி, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தது. கல்லூரி ஆண்டு மலரில் படம் இருக்கிறது. கருவி பாதி மறைந்திருக்கும், சேர்மன் முழுதாகத் தெரிவார்.

சேர்மனுக்குக் கல்விச் செம்மல், கொடைக் கொண்டல் என்று தொடங்கிப் பல பட்டங்கள். அழைப்பிதழில் அவை முடிந்து பெயர் வருவதற்குள் தாள் தீர்ந்துவிடும். முதல் ஆயுத பூஜையன்று அவரே கிண்ணத்தில் மோதிர விரலை விட்டு, கருவியை முன்னும் பின்னும் பார்த்து, "பொட்டை எங்க வைக்கிறது?" என்று கேட்டார். "உங்க இஷ்டம் சார்" என்றார் வெங்கட்ராமன். வள்ளியப்பன் முன்பக்க லென்ஸைக் காட்டி, "இதுதானே மிஷினுக்குக் கண்ணு? கண்ணுல வைப்போம்" என்று ஒரு பெரிய சந்தனப் பொட்டாக வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தார். கைதட்டினார்கள். அதைத் துடைக்க வேண்டும் என்று அங்கிருந்த மூன்று முனைவர்களுக்கும் தோன்றியிருக்கும். ஆனால் சேர்மன் கையால் வைத்ததை யார் கையால் துடைப்பது? அடுத்த வருடம் அதன்மேல் இன்னொரு பொட்டு. அதற்கடுத்த வருடம் இன்னொன்று. லென்ஸ் மேல் சந்தனம் ஒரு பணியாரம் மாதிரி உப்பி நின்றது.

சேவுகன் இந்தக் கல்லூரியில் நில அளவைப் பொறியியல் சேர்ந்ததற்குக் காரணம் அரியக்குடி ரயில்வே கேட். பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தபோது அங்கே பஸ்ஸில் காத்துக்கிடந்தான். வெளியே ஒரு ஆள் இதே மாதிரி கருவிக்குள் கண்ணை வைத்து, எதையோ பார்த்து, எண்ணைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிக் குனிந்து அவர் என்னத்தைப் பார்க்கிறார் என்று சேவுகனுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஜன்னலிலிருந்து, "அண்ணே, நான் ஒருக்கா பாக்கவா?" என்று கேட்டான். கேட் திறந்து பஸ் கிளம்பிவிட்டது. குழாய்க்குள் சிலந்தி நூல் கனத்தில் ஒரு சிலுவைக்கோடு தெரியும் என்று பிற்பாடு புத்தகத்தில் படித்தான். அந்தக் கோட்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவன் எஞ்சினியரிங் லட்சியம் முழுவதும்.

அவன் அப்பா பெயர் செம்மலை; லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவர், "மகன் எஞ்சினியருக்குப் படிக்கிறான்" என்று காரைக்குடிச் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டார். விளைவாக நாட்டரசன்கோட்டைப் பெரியப்பா போனில் பிடித்துக்கொண்டார். "ஏப்பா, கொல்லைச் சுவரைப் பக்கத்து வீட்டுக்காரன் உள்ள தள்ளிக் கட்டிட்டான்டா. ஞாயித்துக்கிழமை வந்து அளந்து குடுத்துட்டுப் போ."

"மேகமா இருக்கு பெரியப்பா. சாட்டிலைட்டு கிடைக்காது."

"சித்திரை வெயிலு மண்டையப் பொளக்குது, மேகமா இருக்காம்ல! என்னத்தடா சொல்லிக் குடுக்குறாக அங்க?"

சேவுகன் போனை வைத்துவிட்டான்.

அங்கே சொல்லிக் கொடுத்தது இதுதான். முக்காலியை நிறுத்தி, கருவி மட்டமாக நிற்க அதன் நீர்க்குமிழியை நடுவுக்குக் கொண்டுவரப் பழகுவதற்கு, குழாயே இல்லாத பழைய கருவி ஒன்று இருந்தது. அதில் சேவுகன் கெட்டிக்காரன். கண்ணை மூடித் திறப்பதற்குள் குமிழி நடுவில் நிற்கும். அளவுகளைப் பார்த்து எழுத சீனியர்களின் ரெக்கார்டு நோட்டு இருந்தது. எல்லா வருட நோட்டிலும் முதல் அளவு ஒன்றேதான்: ஒண்ணு புள்ளி நாலு மூணு அஞ்சு. இடையில் மழை பெய்து மண் கரைந்தது, பொக்லைன் வந்து கேன்டீனுக்குப் பள்ளம் தோண்டியது, மண் கொட்டி மைதானத்தையே உயர்த்தினார்கள். அந்த அளவு மட்டும் அசையவில்லை.

இரண்டாம் வருடச் செய்முறைத் தேர்வில் பெட்டி திறந்தது. சேவுகன் முறை வந்தது. குனிந்து கண்ணை வைத்தான். உள்ளே பழுப்பாக ஒரு இருட்டு.

"சார், ஒண்ணும் தெரியலை சார்."

வெங்கட்ராமன் வெளியூர்த் தேர்வாளரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இவன் தோளில் கை வைத்தார். "தெரியும். நல்லாப் பாரு."

நல்லாப் பார்த்தான். பின்னால் வரிசையில் நின்ற முத்துவீரன் அவன் இடுப்பில் கிள்ளி, "சொல்லித் தொலைடா, பசிக்குது" என்றான். சேவுகன் சொன்னான். "ஒண்ணு புள்ளி நாலு மூணு அஞ்சு, சார்." தேர்வாளர் எழுதிக்கொண்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. இரண்டு மதிப்பெண்ணை எதற்குக் குறைத்தார் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

நான்காம் வருடத்துக்குள் வகுப்பில் ஏழு பேர்தான் மிச்சம். அவர்களுக்குப் பிறகு ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. துறையை மூடப்போகிறார்கள் என்று வாட்ச்மேன் முதற்கொண்டு எல்லாருக்கும் தெரிந்தது. அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தது. பாலம், ரோடு எல்லாவற்றுக்கும் அளந்து கொடுக்கிற கம்பெனி. இந்தப் படிப்பைத் தேடி வந்த முதல் கம்பெனியும் கடைசிக் கம்பெனியும் அதுதான். இது கிடைக்காவிட்டால் லோடு ஆட்டோவில் கிளீனர் என்று சேவுகனுக்குத் தெரியும். அப்பா அன்றைக்கு அவனை லோடு ஆட்டோவிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டு, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டியைப் போட்டுக் காத்திருந்தார். சவாரி வந்தும் போகவில்லை.

கம்பெனியிலிருந்து வந்த அம்மாவின் பெயர் சௌபர்ணிகா. வெயிலில் கறுத்த முகம், காலில் கட்டிட வேலைக்காரர்கள் போடும் பூட்ஸ். சேர்மனின் வரவேற்புரை முடியக் காத்திருந்து காத்திருந்து, அது முடியாது என்று தெரிந்ததும் எழுந்துவிட்டார்.

"எழுத்துப் பரீட்சையெல்லாம் வேண்டாங்க. உங்க லெவலை வெளிய எடுங்க. பசங்க செட் பண்ணி ஒரு ரீடிங் சொல்லட்டும். அது போதும்."

வெங்கட்ராமனின் கை இடுப்புக்குப் போய்விட்டது. "இன்னைக்கு அஷ்டமி, மேடம்."

"அளவுக்கு அஷ்டமி ஏதுங்க?"

"எடுங்க வெங்கட்ராமன்" என்றார் சேர்மன், போட்டோக்காரனைத் தேடிக்கொண்டே. "ஜெர்மன் மிஷின். பாக்கட்டுமே."

மைதானத்தில் பந்தல் நிழலில் நாற்காலிகள் வந்தன. பெட்டியைத் திறந்ததும் கற்பூர வாசனை அடித்தது. முதல் ஆளாகச் சேவுகனைக் கூப்பிட்டார்கள். முக்காலியை விரித்தான், காலால் அழுத்தி மண்ணில் இறக்கினான், கருவியை ஏற்றினான். குமிழி ஓடிவந்து நடுவில் நின்றது.

பின்னால் நின்ற சௌபர்ணிகா, "பரவால்லையே! எங்க ஆளுங்களே இவ்வளவு வேகமா வைக்கமாட்டாங்க" என்றார்.

அந்த ஒரு நிமிடம் சேவுகன் கோயம்புத்தூரில் இருந்தான்.

தூரத்தில் தண்ணீர்த் தொட்டியோரம் முத்துவீரன் அளவுக்கட்டையைப் பிடித்து நின்றான். சேவுகன் குனிந்தான். அதே பழுப்பு. இப்போது இன்னும் கெட்டியாக. சட்டைப்பையில் கைக்குட்டை இருந்தது. முன்பக்கம் போய் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். ஆனால் முன்பக்கம் போனால் நேர் எதிரே சேர்மன், கால்மேல் கால் போட்டு. பக்கத்தில் வெங்கட்ராமன் கண்ணாலேயே 'வேண்டாம்டா' என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். துடைக்க வேண்டாம், ஒண்ணும் தெரியலை என்று வாயைத் திறந்து சொன்னாலும் போதும். ஆனால் இரண்டாம் வருடத்தில் அதைச் சொன்ன வாய் வேறு வாய்.

"எவ்வளவுங்க தம்பி?"

"ஒண்ணு புள்ளி நாலு மூணு அஞ்சு, மேடம்."

சேர்மன் கைதட்டினார். நாற்காலிகளும் கைதட்டின.

சௌபர்ணிகா எண்ணைக் குறித்துக்கொண்டு, சரிபார்க்கக் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு நிமிர்ந்து, சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய், லென்ஸைப் பார்த்தார். அங்கிருந்து சேவுகனைப் பார்த்தார். கோபமாக இருந்தால் தேவலை. காலில் அடிபட்ட கன்றுக்குட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

கிட்டே வந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தெரியலைன்னு சொல்லியிருந்தா இன்னைக்கே ஆர்டர் குடுத்திருப்பேங்க தம்பி" என்றார். "தெரியாததைத் தெரியுதுங்கிற ஆளை வச்சு நான் எப்படிப் பாலம் கட்டறது?"

மற்ற ஆறு பேரையும் கூப்பிடவில்லை. கார் கிளம்பிப் போனது. முத்துவீரன் மட்டும் விவரம் தெரியாமல் தொட்டியோரம் அளவுக்கட்டையோடு நின்றுகொண்டே இருந்தான்.

சேர்மனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் பார்த்தது வேறொன்று. "பாத்தீகளா வெங்கட்ராமன், நம்ம பையன் பொட்டு கலையாம அளந்தான்! அந்தம்மா என்னமோ குத்தம் கண்டுபிடிக்கிற மாதிரி சுத்திச் சுத்தி வருது. இவன் அசையலையே! இவனை வெளிய விடக்கூடாது. நம்ம லேபுலயே போடுங்க."

அப்படித்தான் சேவுகன் சர்வே லேபின் பயிற்றுநர் ஆனான். அவன் படித்த துறையை அந்த ஜூன் மாதமே மூடிவிட்டார்கள். ஆனால் சிவில் படிக்கிற பிள்ளைகளுக்கு சர்வே ஒரு பாடம், அதற்கு லேப் வேண்டும், லேபுக்கு ஒரு ஆள் வேண்டும். அப்பா செம்மலை சந்தையில் மறுபடியும் வண்டியை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அங்குட்டு இங்குட்டு அலையாம உள்ளூர்லயே வேலைப்பா. வாத்தியார் வேலை. சேர்மனே கூப்பிட்டுக் குடுத்துட்டாக." அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்துவிட்டு, சேவுகன் போய் வேலையில் சேர்ந்தான்.

வெங்கட்ராமன் இடுப்பிலிருந்த சாவி அவன் இடுப்புக்கு வந்தது. முதல் வாரமே ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், லேப் கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தான். ஈரத்துணியை வைத்து வைத்து ஊறவிட்டான். ஒவ்வொரு வருடச் சந்தனமாக உரிந்து வந்தது. கடைசியில் கண்ணாடி பளிச்சென்றது. ஜன்னல் பக்கம் முக்காலியைப் போட்டு, எதிரே இருந்த வேப்பமரத்தைப் பார்க்கக் குனிந்தான்.

வெள்ளையாகச் சிலந்திவலை மாதிரி எதுவோ தெரிந்தது. துடைத்தான். போகவில்லை. மறுபடியும் துடைத்தான். அது வெளியில் இல்லை. இத்தனை வருடம் பீரோவுக்குள் மூடிக்கிடந்த கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்து, கிளைவிட்டு, வேர்விட்டிருந்தது. சிலுவைக்கோடு எது, பூஞ்சை எது என்று பிரிக்க முடியவில்லை. மரம் இருந்த இடத்தில் பச்சையாக ஒரு கலங்கல்.

அவன் அன்றைக்குத் துடைத்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. இது ஆறுதலா இல்லையா என்று சற்று நேரம் யோசித்தான்.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. பூஜைச் சாமான் டப்பாவில் சந்தனப் பொடி இருந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்து, மோதிர விரலால் லென்ஸ் முழுவதும் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தான். சேர்மன் வைப்பதைவிட வட்டமாக வந்தது.

நவம்பரில் செய்முறைத் தேர்வு. வெளியூர்த் தேர்வாளர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். முதலில் வந்த பெண் நாகவல்லி, தேவகோட்டைப் பக்கம். முக்காலியை நன்றாகவே வைத்தாள். குனிந்தாள். கண்ணை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்து, பயந்துகொண்டே சொன்னாள்:

"சார், ஒண்ணும் தெரியலை சார்."

தேர்வாளர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார். சேவுகனின் கை அவனை அறியாமல் இடுப்புச் சாவியைத் தடவியது.

"தெரியும்" என்றான். "நல்லாப் பாரு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பதுபோல் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மறுபடியும் குனிந்தாள். வரிசையில் யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள்.

"ஒண்ணு புள்ளி நாலு மூணு அஞ்சு, சார்."

சேவுகன் எழுதிக்கொண்டான்.