மாறாத நிறுத்தம்

சிறுசேரி ஆபீசில் ஜோஷ்வாவின் வேலை நிரந்தரமாகப் போகிற நேரத்தில்தானா அந்தக் கண்றாவி நடக்க வேண்டும்? ஊழியர்களை ஏற்றிவரும் வேன்களுக்கு ப்ரோகிராம் எழுதியவன் அவன்தான். கேளம்பாக்கத்தில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் ஒரு வேனின் நிறுத்தத்தை முட்டுக்காட்டுக்கு மாற்றினார்கள். பயணிகளின் போனுக்கு முட்டுக்காடு என்று செய்தி போனது. டிரைவர் முனிசாமியோ கேளம்பாக்கத்திலேயே வண்டியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். முட்டுக்காட்டில் ஒரு வேன் ஆட்கள் மழையில் ஊறிப்போனார்கள்.

போக்குவரத்து மேலாளர் ரோகிணி இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார்.

"எனுக்கு வண்டி ஸ்கிரீன்ல கேளம்பாக்கம்னுதான் மேடம் காட்டுச்சு. சத்தியமா," என்றார் முனிசாமி.

ஜோஷ்வா அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ப்ரோகிராம்ல ஒண்ணும் தப்பு இல்ல மேடம். அண்ணாத்தைக்கு வயசாயிடுச்சி, கண்ணு சரியா தெரில போல," என்றான். வாய்க்கு வந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். ரோகிணி அதையே பிடித்துக்கொண்டார். மறுபடி சொல்லும்வரை வண்டி எடுக்க வேண்டாம் என்று முனிசாமியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலமே ப்ரோகிராமைத் திறந்து பார்த்தவனுக்குத் தன் தப்பு தெரிந்தது. ஜோஷ்வா ஒரு ஃபங்ஷனுக்குள், அதாவது ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுப்புக்குள், இன்னொரு ஃபங்ஷன் எழுதியிருந்தான். நிறுத்தத்தின் பெயர் வெளி ஃபங்ஷனில் இருந்தது. டிரைவரின் திரை அதைத்தான் காட்டும். பெயரை மாற்றிப் பயணிகளுக்குச் செய்தி அனுப்புவது உள் ஃபங்ஷனின் வேலை. வெளியே இருப்பதைப் படிக்க மட்டும் என்றால் உள்ளிருந்தபடியே படித்துக்கொள்ளலாம். மாற்ற வேண்டுமென்றால் 'நான்லோக்கல்' என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், அவன் எழுதிய பைத்தான் என்ற கணினி மொழி அதே பெயரில் உள்ளேயே புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். வெளியே இருப்பது அப்படியே கிடக்கும். அந்த ஒரு வரியை ஜோஷ்வா விட்டிருந்தான். நேற்று கற்க வந்தவன்கூடச் செய்யக் கூசும் தப்பு.

வரியைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தான். நிறுத்தம் ஒழுங்காக மாறியது. வாயை மட்டும் திறக்கவில்லை. அச்சரப்பாக்கத்தில் அம்மா காசியம்மாள், மகனுக்கு வேலை நிரந்தரமாகிறதென்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். வெட்கத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தன்னைத் தானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்படியும் சொல்லவில்லை பாருங்கள், அதுதான் கேவலம்.

அடுத்த வாரம் வேன்கள் நிற்கும் இடத்தில் முனிசாமி அவனைக் கைதட்டிக் கூப்பிட்டார். முகத்தில் புதுக் கண்ணாடி.

"செங்கல்பட்டு போயி வாங்கிகினு வந்தேன் தம்பி. டாக்டரு, கண்ணு நல்லாத்தான் கீதுன்னாரு. நான்தான் கேக்கல. நீ படிச்சவன், சும்மாவா சொல்லுவ? மேடமாண்ட ஒரு வார்த்த சொல்லேன். இனிமே தப்பு வராது."

ஜோஷ்வாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"உன் கண்ணுல ஒண்ணும் இல்ல அண்ணாத்த. தப்பு என்னுது. வா, மேடமாண்ட நானே சொல்றேன்."

முனிசாமி கண்ணாடியைக் கழற்றவில்லை. அதன் வழியாகவே அவனை உற்றுப் பார்த்தார்.

"எப்போ தெரிஞ்சுது ஒனுக்கு?"

"அன்னிக்கு சாயங்காலமே."

முனிசாமி ரோகிணியின் அறையை நோக்கி அவனுக்கு முன்னால் நடந்தார்.