வலிக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று

சிங்கப்பூரின் டோபி காட் வட்டாரத்தில், மருந்துகள் பற்றிய மாலை வகுப்புக்குப் பரீட்சை. கிளம்புவதற்காகப் பையை மாட்டிய ஆஸ்மா, கூடத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். தோளில் அறுவை சிகிச்சை முடிந்து முந்தாநாள் வீடு திரும்பிய அத்தா அஹமது கபீர், கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டபடி சோபாவில் முனகிக்கொண்டிருந்தார். அம்மா ஆமினா பீவி அவரிடம் நீட்டியது தன்னுடைய தூக்க மாத்திரையை.

"அம்மா! அத்தா இப்பத்தான் வலி மாத்திரை போட்டாங்க. இதையும் கொடுக்காதீங்க!"

"அது வலிக்கு. இது தூக்கத்துக்கு. ரெண்டும் வேற வேற."

"யாரு சொன்னா?"

"நீதான் லா. ஒரு வாரமா வீடு முழுக்க நடந்துக்கிட்டே கத்திப் படிக்கிறியே. மயக்க மருந்து நினைவையே எடுத்துடும், தூக்க மருந்து வலியைக் குறைக்காது, ஓபியாய்டுதான் வலியைக் குறைக்கும். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

ஆஸ்மாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த வீட்டில் அவள் பேச்சு ஒருநாளும் எடுபட்டதில்லை. எடுபட்டது இது ஒன்றுதான், அதுவும் பாதி!

"வேலை வேறதான்மா. ஆனா அத்தா போட்டது ஓபியாய்டு. அதுவும் இதுவும் ரெண்டுமே மூச்சை மந்தமாக்கும். சேர்த்துப் போட்டா தூக்கத்துலயே மூச்சு நின்னுடலாம்."

"நிச்சயமாத் தெரியுமா உனக்கு?"

அங்கேதான் அவள் தடுமாறினாள். ஆசிரியர் சொன்னது இந்த மாத்திரைக்கும் பொருந்துமா? ஒரே ஒரு மாத்திரைதானே?

"உங்க டிபேட் முடியறதுக்குள்ள வலியே என்னைக் கொன்னுடும். கொண்டா இங்க" என்று அத்தா இடக்கையை நீட்டினார்.

சந்தேகம் தீரவில்லை. ஆனாலும் மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டு மருத்துவமனை மருந்தகத்துக்குப் போன் போட்டாள். காத்திருக்கச் சொல்லிப் பாட்டு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

"பரீட்சைக்கு நேரமாச்சு, நீ போ. நான் பார்த்துக்கறேன்."

"நீங்க பார்த்துக்கிறதுதான்மா எனக்குப் பயம்!"

கடைசியில் மருந்தாளர் பெண் ஒருவர் இணைப்பில் வந்தார். ஆஸ்மா ஸ்பீக்கரைப் போட்டாள். இரண்டையும் சேர்க்கவே கூடாது, மூச்சுக்கு ஆபத்து என்றார் அவர். வலி தாங்காவிட்டால் மருத்துவரிடம் பேசி வேறு மாத்திரை தரச் சொல்வதாகவும் சொன்னார்.

அம்மா பணிவாக "ஓகே ஓகே" என்று மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்தார். "எவ்வளவு தெளிவாச் சொல்லுது பாரு அந்தப் பொண்ணு."

"நானும் அதையேதானே சொன்னேன்!"

"மூச்சைப் பத்தி ஒருநாளாவது சத்தமாப் படிச்சியா நீ?"

ஆஸ்மா பரீட்சைக்கு டாக்சி பிடிக்க ஓடினாள். டாக்சி குவீன்ஸ்டவுனைத் தாண்டுவதற்குள்ளேயே, ஓட்டுநர் கண்ணாடியில் திரும்பத் திரும்பப் பார்க்க, அந்த மூச்சுப் பாடத்தைச் சத்தமாகவே படிக்க ஆரம்பித்துவிட்டாள்.