ஜெபவீரரின் தம்பி

மூன்றாவது அடியில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. நான்காவது அடிக்குக் கதவே உள்பக்கம் போய் விழுந்தது.

அச்சகக்காரர் கையில் இரும்புக் கம்பியோடு காகிதக் கிடங்குக்குள் பாய்ந்தார்.

"எங்கடா போன்? யார்கிட்டடா பேசிக்கிட்டு இருந்தே?"

ஆளுயரக் காகிதக் கட்டுகளுக்கு நடுவில், சிமெண்ட் தரையில் முழங்காலில் இருந்தான் அவர் தம்பி. கண் சிவந்திருந்தது. கை இரண்டும் காலி.

"எழுந்திருடா! பாக்கெட்டைக் காட்டு!"

எழுந்தான். அவரே சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒரு பேனா, ஒரு கைக்குட்டை. அவ்வளவுதான்.

"போன் வெளியே கட்டிங் மெஷின் மேல இருக்கு," என்றான் தம்பி. "அதைத் தாண்டித்தான் நீ வந்தே."

அது அவர் காதில் ஏறவில்லை. மூன்று வாரக் கோபம் அது. கணவன் அடித்த அடி தாங்காமல் ஓடிவந்து ஓர் இடத்தில் ஒளிந்திருந்தாள் அவர் மகள், தாயில்லாப் பெண். எந்த இடம் என்று இரண்டே பேரிடம்தான் சொல்லியிருந்தாள்: அப்பாவிடம், சித்தப்பாவிடம். ஒரு வியாழக்கிழமை காலை மாப்பிள்ளை நேராகப் போய் அந்தக் கதவைத் தட்டினான். அவள் மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பியவள் எங்கே போனாள் என்று தெரியவில்லை. அப்பா கூப்பிட்டால் போனை எடுப்பதும் இல்லை.

காட்டிக்கொடுத்தது யார்? தான் இல்லை. மிச்சம் ஒரே ஆள். அந்த ஆள் தினமும் மதியம் மெஷினை நிறுத்திவிட்டு, பதினைந்து நிமிஷம் கிடங்கில் தாழ்போட்டுக்கொண்டு முணுமுணுக்கிறான். வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

"மாப்பிள்ளையோட எத்தனை நாளா சகவாசம்?"

"நான் ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன்."

"ஜெபமா? நீயா?" அச்சகக்காரர் சிரித்த சிரிப்பில் பல்தான் தெரிந்தது. "புதன்கிழமைக் கூட்டத்துல உன் முறை வந்தா 'ஆமென்'னு ஒத்தை வார்த்தையோட உட்கார்ந்துடுவே. சபையில உனக்கு ஊமையன்னு பேருடா! என்னை ஜெபவீரர்னு கூப்பிடறாங்க. எனக்குப் போய் இப்படி ஒரு தம்பி!"

"அங்க அம்பது பேர் காதுக்கு ஜெபிக்கணும். எனக்கு அது வரலை. இங்க கேக்கறவர் ஒருத்தர்தான்."

"அவர்கிட்ட என்ன சொன்னே? அண்ணன் மகளைக் காட்டிக் கொடுத்துட்டேன், மன்னிச்சிடுங்கன்னா?"

தம்பி ஓர் அடி முன்னால் வந்தான்.

"உன்னைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"என்னது?"

"மூணு வாரமா உன்னைத்தான் திட்டறேன், ஆண்டவர்கிட்ட. உன் கழுத்தை அந்த மெஷின்ல வைக்கணும்னு தோணும். உடனே மெஷினை நிறுத்திட்டு உள்ள வந்துடுவேன். தோணினதைத் தோணினபடியே சொல்லுவேன். மெருகு கிருகு எதுவும் கிடையாது. பதினஞ்சு நிமிஷத்துல கை நடுக்கம் நிக்கும். அப்புறம் வெளியே போய் உனக்கே காகிதம் வெட்டிக் கொடுப்பேன். நீ இன்னைக்கு உயிரோட நின்னு கத்தறேன்னா, அந்தப் பதினஞ்சு நிமிஷம் போட்ட பிச்சை!"

வாழ்நாளில் தம்பி இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அவர் கேட்டதில்லை.

"அப்படி உனக்கு நான் என்னடா பண்ணிட்டேன்?"

"எனக்கில்லை."

"பின்னே யாருக்கு?"

"சொல்ல மாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கேன்."

"வாக்கா! மாப்பிள்ளைக்கா?" அச்சகக்காரர் கம்பியைத் தரையில் ஓங்கி அடித்தார். "சரி, நீ வாயைத் திறக்காதே. இன்னைக்குப் புதன்கிழமைதானே? சாயங்காலம் நான் திறக்கறேன். உன் பேரைச் சொல்லி, நீ பண்ணின துரோகத்தைச் சொல்லி, மைக்ல ஜெபிக்கறேன். சபை மொத்தமும் கேக்கட்டும்!"

தம்பி அவரை வெறித்துப் பார்த்தான்.

"அன்னைக்கு ஜெபிச்ச மாதிரியா?"

பதிலுக்குக் காத்திராமல் வெளியே போனான். போனை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். விரல் வேகமாகத் திரையைத் தள்ளியது.

"ஆஸ்பத்திரியில அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. 'அப்பாவுக்குத் தெரிய வேணாம் சித்தப்பா, உயிரை விட்டுடுவார்'னா. தன் கை உடைஞ்சு கிடக்கு, அப்பவும் உன்னைப் பத்தின கவலை! சொல்லிடட்டுமான்னு தினமும் உள்ள கேட்டேன். சொல்லாம இருக்கத்தான் பலம் கிடைச்சுது." அடுத்த வார்த்தை அண்ணனுக்கானது அல்ல. "ஆண்டவரே, இதுக்கு மேல என்னால முடியலை."

"என்னடா உளர்றே?"

"கூட்டத்துக்கு வராதவங்களுக்காக உன் ஜெபத்தை ரெக்கார்டு பண்ணி சபை குரூப்புல போடுவாங்களே, அந்தக் குரூப்புல உன் மாப்பிள்ளையும் இருக்கான். கல்யாணமான புதுசுல நீயேதான் சேர்த்துவிட்டே. இது அவன் போய்க் கதவைத் தட்டினதுக்கு முந்தின நாள் வந்தது. கண்ணை மூடிக்கிட்டு உருகும்போது நீ என்ன பேசறேன்னு உனக்கே கேக்காது. இப்ப கேளு."

அழுத்தினான்.

முதலில் கரகரப்பு. பிறகு ஐம்பது பேரின் விசும்பல். அதற்கெல்லாம் மேலே, கண்ணீரில் தோய்ந்து, கணீரென்று அச்சகக்காரரின் குரல்:

"பஸ் டிப்போவுக்குப் பின்னால, மருந்துக்கடை மாடியில, தன்னந்தனியா ஒளிஞ்சிருக்கிற என் மகளை, கர்த்தாவே, எதிரியின் கண்ணுக்கு மறைத்தருளும்!"