சம்பந்தி வெற்றிலை

"இன்னிக்கு ஒரு நாளைக்கு வலிக்குதுன்னு மூஞ்சியச் சுளிக்காம இரு. உன்னால எம் பொண்ணு கலியாணம் நின்னுச்சுன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்."

அப்புசாமி இதைச் சொன்னபோது அவன் மனைவி முத்தாயி கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்து உதட்டோரம் பிழிந்துகொண்டிருந்தாள். வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. இடது கன்னம் வீங்கியிருந்தது. முந்தானையால் அதை மூடிக்கொள்ளச் சொன்னவனும் அவன்தான். சிம்பாங் அம்பாட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மகள் ஜெயாவுக்குப் பரிசம் போட வருகிற நாள் அது. 1936-ஆம் வருஷம், ஆவணி மாதம்.

மலாயாவில் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள் முத்தாயி. இருட்டோடு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பேர் கொடுத்துவிட்டு மரக்காட்டுக்குள் போனால் பொழுது உச்சிக்கு வரும்வரை சோறு கிடையாது. பசி தெரியாமலிருக்க வெற்றிலை, சுண்ணாம்பு, புகையிலை மூன்றையும் உருட்டி இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். பதினெட்டு வருஷம் அடக்கினாள். வயிற்றுக்கு நேரத்தில் கஞ்சி குடிக்க விடாத தோட்டம், வாய்க்குப் புகையிலையை மட்டும் வேண்டாமென்று சொன்னதில்லை. அடக்கின இடத்தில் முதலில் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. அப்புறம் அது ஆறாத புண்ணாயிற்று.

தோட்டத்து மருந்தகத்து டிரெஸ்ஸர் பிச்சைமுத்து பத்து மாதத்துக்கு முன்பே விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு அப்புசாமியிடம் பச்சையாகச் சொன்னார்.

"அடி கெட்டியா இருக்கு. இது புத்து, அப்புசாமி. எங்கிட்ட இருக்குற மருந்துக்கு ஆறாது. பொயலைய இன்னியோட விடச் சொல்லு. மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே கூட்டிட்டுப் போனா வெட்டி எடுத்துருவாங்க. கழுத்துல கட்டி கெளம்பிருச்சுன்னா அப்புறம் யாராலயும் ஆகாது."

அப்புசாமி தலையை ஆட்டினான். ஆட்டினதோடு சரி. 'வாய் அழுகினவள் மகள்' என்று பெண்ணுக்குப் பேர் வந்துவிடுமாம். வாயில் புண் வந்தால் வசவுக்காரி, சாபம் போட்டவள், சாமி தண்டித்துவிட்டது என்று சொல்ல, கூலிக்காரர்கள் குடியிருந்த லயம் முழுக்க நாக்குகள் காத்திருந்தன. காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம், கால் புண்ணுக்குப் போகலாம். வாய்ப்புண்ணுக்கு மட்டும் போகக் கூடாது. முதலில் பரிசம் முடியட்டும் என்றான். ஒருத்தியின் உயிரை முகூர்த்தத் தேதிக்குக் காத்திருக்கச் சொன்ன புத்தியை எதால் அடிப்பது? சித்திரையிலேயே கழுத்தில் கட்டி கிளம்பிவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் சிவசாமி டவுன் துணிக்கடையில் கணக்கப்பிள்ளை. அவர் மனைவி கமலவேணி. தட்டு மாற்றுமுன் இரண்டு தாய்மாரும் ஒருவருக்கொருவர் வெற்றிலை மடித்துக் கொடுத்து, சபை பார்க்க மெல்ல வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மெல்ல மறுத்தால் சம்பந்தத்தையே மறுத்த மாதிரி.

கமலவேணி கொழுந்து வெற்றிலையாகப் பார்த்துச் சுண்ணாம்பு தடவி, புகையிலையைக் கிள்ளி வைத்து, மடித்து நீட்டினாள்.

"போட்டுக்குங்க, சம்பந்தியம்மா."

முத்தாயி வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

"கூச்சப்படுறா," என்று அப்புசாமி சபையைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அவள் காதருகே குனிந்து, "வாயில போடுடி," என்றான்.

உதட்டிடுக்கில் திணித்தாள். சுண்ணாம்பு புண்ணில் பட்டதும் கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. மகளைப் பிரியப்போகிற தாயின் அழுகை என்று நினைத்துப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

முத்தாயி மடிப்பைக் கையில் துப்பினாள். எழுந்து வெளிச்சம் விழுகிற வாசலுக்குப் போய் முந்தானையை விலக்கினாள்.

"சம்பந்தியம்மா, இங்க வாங்க." ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. "பத்து மாசமா மூடி வச்சோம். ஏமாத்திப் பொண்ணக் குடுக்க எனக்கு மனசு வரல. நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

விரலால் உதட்டை இழுத்துக் காட்டினாள். கமலவேணி குனிந்து பார்த்தாள். நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பவில்லை.

சிவசாமி வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "சீக்குக் குடும்பத்துல எங்களத் தள்ளப் பாத்தீங்களே. நல்ல மனுசங்கய்யா நீங்க. கமலம், கெளம்பு."

கமலவேணி அசையவில்லை. அவள் நாக்கு தன் கன்னத்தின் உட்புறத்தைத் துழாவிக்கொண்டிருந்தது.

"மொதல்ல எப்பிடி இருந்துச்சு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"வெள்ளையா. வலியே இல்ல. அதுதான் ஏமாத்திப்புடுது."

"எனக்கும் இருக்கு. காரம் பட்டா எரியுது."

"அப்ப நாளைக்கே போங்க. நல்ல நாளு பாக்காதீங்க."

பரிசம் நின்றது. மறுநாள் ஜெயாதான் தாயைப் பஸ்ஸில் மலாக்காவுக்குக் கூட்டிப்போனாள். அப்புசாமி மானம் போய்விட்டதென்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். டாக்டர் கழுத்துக் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். எத்தனை மாதமாக என்று கேட்டார். ஜெயா சொன்னதும் வலிக்கு மட்டும் மருந்து எழுதினார். தை பிறப்பதற்குள் முத்தாயி செத்துப்போனாள். பிணத்தை வைத்துக்கொண்டே, பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்த வாய் என்று லயத்தில் பேசினார்கள். கெடுத்தது எந்த வாய் என்று ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

கமலவேணி பரிசம் நின்ற அடுத்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். தொடக்கத்துப் புற்றுதான் என்று சொல்லித் திட்டை வெட்டி எடுத்துத் தைத்தார்கள், ஆறிவிட்டது. அன்றோடு வெற்றிலைச் செல்லத்தை மூடினாள். சிவசாமி உறவுக்காரர்களிடம் அவள் பல் பிடுங்கப் போனதாகச் சொல்லிவைத்தார்.

அடுத்த வருஷம் அதே மகனுக்குப் புக்கிட் ரம்பாயில் பெண் பேசினார்கள். சிவசாமி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு பெண்ணின் தகப்பனிடம் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க, ஒரு தடவ பட்டுட்டோம். குடும்பத்துல யாருக்காச்சும் வாய்ல புத்து இருந்துச்சா?"

கமலவேணி பெண் வீட்டார் நீட்டிய வெற்றிலையைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

"இருந்துச்சு," என்றாள். "எனக்கு."