கணியம்பாடிக்குப் போன மாத்திரை

தெருவில் எல்லோருக்கும் தெரிந்தவரை நான் கணியம்பாடியில் பெரியம்மா வீட்டில் இருந்தேன். உண்மையில் எங்கள் வீட்டுப் பின் அறையில் இருந்தேன். மூன்று மாதம்.

பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. ஆம்பூரில் எங்கள் தெருப் பெண்கள் வாசலில் பாய் போட்டு உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைப்பார்கள். அதற்கு அப்பர் என்று பேர். ஏஜென்ட் ஹயாத் பாஷா காலையில் தோல் மூட்டை இறக்குவார், சாயந்திரம் தைத்ததை எடுத்துப்போவார். வெளிச்சம் இருக்கும்வரை ஊசி ஓடும். பூனை ஒன்று தெருவைக் கடந்தாலும் பத்துப் பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

எனக்கு டிபி என்று தெரிந்த அன்றே அம்மா சொல்லிவிட்டாள். "தெரிஞ்சா ஹயாத் பாய் மூட்டை போட மாட்டாரு. சீக்கு வூட்டு அப்பரை எவன் வாங்குவான்? நீ ஊர்ல இல்ல. அவ்ளோதான்."

இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். ஆஸ்பத்திரியில் மெர்சி சிஸ்டர் முதல் நாளே அம்மாவிடம் சொன்னார்: "தட்டுல ஒட்டாதும்மா. ஆறு மாசம் விடாம மாத்திரை போட்டா முழுசா சரியாயிடும். பாதியில நிறுத்தினா கிருமி மருந்துக்கே பழகிடும். அப்புறம் ரொம்பக் கஷ்டம்."

அம்மா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும், "டிபி வந்தா போவாது. உங்கப்பாவுக்குப் போச்சா?" என்றாள்.

அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவர். மூன்றாம் மாதம் இருமல் நின்றது, மாத்திரையையும் நிறுத்தினார். அடுத்த வருஷம் இருமல் திரும்பி வந்தது, அதிலேயே போய்விட்டார். இந்த நடுப்பகுதியை அம்மா எப்போதும் விட்டுவிடுவாள்.

எனக்கு இரண்டாம் மாதமே இருமல் அடங்கிவிட்டது. அம்மா டப்பியில் எடுத்துப்போன சளியைப் பார்த்து, கிருமி தெரியவில்லை என்றார்கள். இனி யாருக்கும் என்னால் தொற்றாது என்றும் சொன்னார்களாம். ஆனாலும் கதவு திறக்கவில்லை. ஊரில் இல்லாதவள் எப்படி வாசலுக்கு வருவது?

நான் எடை பார்க்க வரவில்லையே என்று ஒரு செவ்வாய்க்கிழமை மெர்சி சிஸ்டர் தெருவுக்கே வந்துவிட்டார். அம்மாவும் பக்கத்து வீட்டு மஹ்பூபி அக்காவும் ஒரே பாயில் தைத்துக்கொண்டிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"சௌந்தர்யா இருக்காளாம்மா?"

அம்மாவை முந்திக்கொண்டு மஹ்பூபி அக்கா பதில் சொன்னாள். "அது கணியம்பாடிக்குப் போயி மூணு மாசம் ஆவுது. இன்னா மேடம், மாப்ள கீப்ள பாத்து வெச்சிருக்கீங்களா?"

சிஸ்டர் வியாதியின் பேரைச் சொல்லவில்லை. "அப்படியாம்மா? அங்கயேதான் இருக்காளா?" என்று மட்டும் அம்மாவைக் கேட்டார்.

அம்மாவால் வேறு என்ன சொல்ல முடியும்? "ஆமா மேடம். அங்கதான்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா? சரி, அவ பேரை அந்தப் பக்கமே மாத்திடறேன். அங்க போய் வாங்கிக்கட்டும்."

இங்கேதான் இருக்கிறேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

மாத்திரை தீர்ந்த அன்று அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு வந்தாள். "உன் பேரு கணியம்பாடிக்குப் போய்டுச்சாம். உன்னை நேர்ல இட்டுனு வந்தா எடை பாத்துட்டு இங்கயே திரும்ப எழுதித் தர்றாங்களாம்."

"போலாம்மா."

"எப்படிடி போறது? ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்ன, யாரும் பாக்காம போலாம்."

"ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரி லீவும்மா."

அம்மா ஊசியில் நூலைக் கோத்தாள். முதல் தடவை தவறியது, மறுபடி கோத்தாள். "இருமல்தான் நின்னுடுச்சே. மூணு மாசம் போட்டது போதாதா?"

அப்பாவும் இதைத்தான் சொல்லியிருப்பார். இதே வீட்டில், ஒருவேளை இதே அறையில்.

ஒரு நாள் மாத்திரை இல்லாமல் போனது. இரண்டாம் நாளும் போனது. மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே கிருமி என்ன செய்கிறதோ என்று காது கொடுத்துக் கேட்டேன். மூன்றாம் நாள் பத்து மணிக்குத் தலை வாரிக்கொண்டேன். காலி மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு முன்கதவைத் திறந்தேன்.

வெயிலில் கண் கூசியது. தெருவில் ஊசிகள் நின்றன.

"யம்மா! எப்படி வெளுத்துட்ட! எப்பம்மா வந்த கணியம்பாடிலருந்து?" என்றாள் மஹ்பூபி அக்கா.

நான் யார் முகத்தையும் பார்த்துப் பேசுகிறவள் இல்லை. அவள் மடியில் கிடந்த அப்பரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "நான் எங்கயும் போவல அக்கா. உள்ளதான் இருந்தேன். டிபி. மாத்திரை வாங்கப் போறேன்."

அம்மா எழுந்திருக்கவில்லை. மஹ்பூபி அக்கா மடியில் இருந்ததை மூட்டைக்குள் போட்டு, மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் நடந்தேன். மூன்று மாதமாக எட்டடி அறையிலேயே நடந்தவள், தெரு முனையில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். மெயின் ரோட்டில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா. ஊசி குத்தாமலிருக்க விரலில் சுற்றிய ரப்பரைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள். திட்டவில்லை. ரோட்டைக் கடக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

எடை நாற்பத்திரண்டு. முன்பைவிட நாலு கிலோ கூட. நடந்ததைச் சொன்னதும் மெர்சி சிஸ்டர் என் பேரை இங்கேயே திரும்ப எழுதிக்கொண்டார். பிறகு மாத்திரையை எடுத்து வந்தார்.

"ரெண்டு நாள் விட்டது போவட்டும். இனி ஒரு நாள்கூட விடாத. இன்னும் மூணு மாசம்தான்."

"அப்புறம் திரும்ப வராதா மேடம்?" அம்மாதான் கேட்டாள். "அவங்கப்பாவுக்கு வந்துச்சே."

"அவரு முழுசா சாப்ட்டாராம்மா?"

அம்மா விரலில் இருந்த ரப்பரை அவிழ்க்க ஆரம்பித்தாள். அங்கேயே தண்ணீர் வாங்கி எல்லா மாத்திரையையும் விழுங்கினேன்.

திரும்பி வந்தபோது மஹ்பூபி அக்காவின் பாய் நாலு வீடு தள்ளிக் கிடந்தது. எங்கள் வாசலில் அம்மாவின் மூட்டை மட்டும் இருந்தது. சாயந்திரம் ஹயாத் பாய் வருவார். அதற்குள் அவருக்குச் சேதி போயிருக்கும்.

"உள்ள போ" என்றாள் அம்மா.

நான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் மூட்டையை நகர்த்தி இடம் விட்டாள்.