கெட்டியான சுவர்

இரண்டு பெரிய சட்ட நிறுவனங்கள் ஒரே வாரத்தில் பாப்பாவை வேலைக்குக் கூப்பிட்டிருந்தன. வீட்டில்தான் அவள் பாப்பா. கல்லூரியில் கம்பெனிச் சட்டத்தில் முதல் மாணவி. ஒரு நிறுவனம் முழுக்கக் கண்ணாடி, வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. மற்றது முழுக்கத் தேக்கு. உள்ளே எல்லோரும் துக்க வீட்டில் பேசுவது போல மெதுவாகப் பேசினார்கள். எதில் சேர்கிறாள் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

சித்தப்பாவுக்கு அந்தக் குழப்பமே இல்லை. அவர் இரண்டிலும் சேர்த்துவிட்டிருந்தார். பால் கடையில் கண்ணாடி என்பார், முடி வெட்டும் கடையில் தேக்கு என்பார். எதைச் சொன்னால் கேட்பவருக்கு அதிகம் வயிறு எரியுமோ அதை.

"கம்பெனியைக் கம்பெனி வாங்கறப்போ நடுவுல உக்காரப் போறது நம்ம பாப்பா, அண்ணி. இவ தலையாட்டற வரைக்கும் ரெண்டு முதலாளியும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கணும்!"

"முதல்ல நீங்க உக்காருங்க தம்பி," என்று அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கும்வரை சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அது பெயிண்ட் தொழிற்சாலையில் சம்பாதித்த இருமல். நிறப்பொடியைச் சாக்கிலிருந்து தொட்டியில் கொட்டும் வேலை. மூக்கை மூட ஏதாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு, "கொஞ்ச நேரம் மூச்சைப் பிடிச்சுக்கோ" என்றாராம் மேற்பார்வையாளர். அம்மாவும் கூட வேலை பார்த்த பெண்களும் தொழிற்சாலை மேல் வழக்குப் போட்டிருந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டிருந்த ஒரு வக்கீல் அதை நடத்திவந்தார்.

வியாழக்கிழமை கண்ணாடியில் கடைசி விசாரிப்பு. சேர வருபவரின் சொந்தக்காரர் யாராவது தங்கள் கட்சிக்காரரோடு வழக்காடுகிறாரா என்று பார்ப்பார்கள். அங்கே அறைகளுக்கெல்லாம் நற்குணங்களின் பெயர். 'நேர்மை'யில் ஆள் இருந்ததால் பாப்பாவை 'கருணை'யில் உட்கார வைத்தார்கள். மூத்த பார்ட்னர் அம்மையார் வந்தார். பாப்பா உள்ளதைச் சொன்னாள்.

"அட, அந்தப் பெயிண்ட் கம்பெனி நம்ம கட்சிக்காரர்தான். அதனால என்ன? நடுவுல ஒரு சுவர் எழுப்பிடுவோம்."

"சுவரா மேடம்?"

"அந்த வழக்கைப் பாக்கறவங்க உங்ககிட்ட பேச மாட்டாங்க. நீங்க வீட்டுல அதைப் பத்திப் பேசக் கூடாது. அவ்வளவுதான்."

"அம்மாவோட உடம்பைப் பத்தி?"

"உடம்புதானேம்மா வழக்கே." அம்மையாரின் குரலில் உண்மையான கனிவு இருந்தது. "இருமல், டாக்டர், மருந்து, இதெல்லாம் வேண்டாம். மழை, வெயில், சமையல்னு தாராளமாப் பேசுங்க. நாங்களும் ஒரு குடும்பம்தானே, எங்களுக்குப் புரியாதா?"

வெளியே வந்து தேக்குக்குப் போன் செய்தாள். தொழிற்சாலைக்குக் காப்பீடு கொடுத்திருந்த நிறுவனம் அவர்களுடைய கட்சிக்காரராம். பெரியவர் ஒருவர் மெல்லிய குரலில் தேற்றினார். "எங்ககிட்டயும் சுவர் இருக்கும்மா. அவங்களோடது மாதிரி நேத்து கட்டினது இல்ல, பரம்பரையா வர்றது. ரொம்பக் கெட்டி. இங்க ஒரு மாமனாருக்கும் மருமகனுக்கும் நடுவுல எழுப்பினோம். ஒரே வீட்டுலதான் இருக்காங்க. வழக்கு முடிஞ்சும் இன்னைக்கு வரைக்கும் பேசிக்கிறதில்ல."

பெருமையாகத்தான் சொன்னார்.

வேலையில் ஆசை இல்லை என்று சொன்னால் பொய். மற்றவர்கள் பாட்டை முணுமுணுக்கும் வயதில் ஒப்பந்த வாசகங்களை முணுமுணுத்தவள் அவள். வீட்டில் எல்லாவற்றையும் சொன்னபோது குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றார் சித்தப்பா. "எங்க வீட்டுல நானும் உன் சித்தியும் மழையைத் தவிர வேற எதையாவது பேசியிருக்கோமா? குடும்பம் ஓடலையா?"

அம்மா சோற்றை வடிக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அம்மா, எக்ஸ்ரே உறையை அலமாரிக்குப் பின்னால் செருகினாள். மகள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "வெளிய நல்ல வெயில்," என்றாள்.

"ஆமாம்மா," என்றாள் பாப்பா.

சுவர் எழும்பிவிட்டது. எந்தக் கொத்தனாரும் இவ்வளவு சீக்கிரம் கட்டியிருக்க முடியாது.

"நாளைக்குப் போய் வழக்குலேர்ந்து என் பேரை எடுத்துடச் சொல்றேன்," என்றாள் அம்மா, தண்ணீர்ச் சொம்பைப் பார்த்தபடி. "மத்தவங்க நடத்திக்கட்டும். அப்புறம் உனக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது."

"தாய் மனசுன்னா இதான்!" என்று சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார், இன்னும் ஈரமாகாத கண்ணை.

ஒரு கணம் பாப்பாவுக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு அந்த நிம்மதியை நினைத்துத்தான் பயம் வந்தது.

"டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

அம்மா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள், பார்ட்னர் அம்மையார் அங்கே நிற்பது போல. "அதை நீ கேக்கக் கூடாதாமே?"

"கேட்டாச்சு. சொல்லு. பேரும் அங்கேயே இருக்கட்டும்."

சித்தப்பாவுக்கு விஷயம் மெதுவாக இறங்கியது. "அப்போ கண்ணாடி இல்லையா?"

"இல்ல சித்தப்பா."

"தேக்கு?"

"அதுவும் இல்ல."

"முடி வெட்டற கடைக்கு நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?"

"முடியை வளத்துக்குங்க தம்பி," என்றாள் அம்மா.

யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா எழுந்துபோய் அலமாரிக்குப் பின்னாலிருந்து உறையை எடுத்தார். படத்தை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் நீதிபதி மாதிரி நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார்.

"தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க," என்று அம்மா வாங்கித் திருப்பினாள். மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, வலது பக்கத்து வெள்ளை நிழலின் மேல் விரலை வைத்தாள்.

சொல்ல ஆரம்பித்தாள். நிறைய இருந்தது.