எடையில் ஏறிய சர்க்கரை

அந்த மருந்துத் தொழிற்சாலையில் அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. ஆன்டிபாடி மருந்தின் மூலக்கூறுகளை எடைபோடும் கருவி அவள் பொறுப்பு. அன்று காலை திரையில் ஓடிய வரைபடத்தில், சரியான எடைக்குப் பக்கத்திலேயே நூற்று அறுபத்திரண்டு டால்டன் கூடுதலாக இன்னொரு முகடு எழுந்து நின்றது. ஒரு சர்க்கரை ஒட்டினால் ஏறும் எடை அது. ஆனால் முகடு வழக்கத்தைவிட மூன்று மடங்கு உயரம்.

"இதுக்குப் போய்ப் பதறுறியே! மருந்தைச் செய்யுற செல்லே அதுமேல கோத்து அனுப்புற சர்க்கரைச் சங்கிலிம்மா அது. ஒண்ணு கூடக் குறைய இருக்கும். மதியம் சரக்கு ஏத்த லாரி வருது" என்றார் மேலாளர்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. என்சைம் விட்டு அந்தச் சங்கிலியை மொத்தமாக வெட்டியெடுத்துவிட்டு மறுபடி எடைபோட்டாள். முகடு அப்படியே நின்றது. அப்படியானால் இது தானாக வந்து ஒட்டிக்கொண்ட சர்க்கரை. மருந்து நோயைப் பிடிக்கும் இடத்தில் ஒட்டியிருந்தால் பிடியே நழுவிவிடும். செல்கள் வளரும் தொட்டியில் சர்க்கரை மிஞ்சியிருந்தால்தான் இவ்வளவு ஒட்டும்.

தொட்டிக்குப் பொறுப்பு யார்? சாட்சாத் அவள் வீட்டுக்காரர்! ஷிப்ட் தலைவராகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் இந்த ஊசியை நம்பிக் கையை நீட்டுகிறவர் என்ன பாவம் செய்தார்? எடை அச்சான தாளை எடுத்துக்கொண்டு, மேலாளர் நடத்திக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் நேரே நுழைந்தாள். கணவர் முகத்தைப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"பதிவேட்டுல எல்லாம் சரியாத்தானே இருக்கு? வீட்டுக்காரரையே மாட்டிவிடுறியாம்மா?" என்றார் மேலாளர்.

கணவர் எழுந்தார். "மாட்டிவிடல சார். ரெண்டு நாளுக்குப் பிரிச்சு ஊத்த வேண்டிய சர்க்கரைய, லீவுக்கு முன்னாடி ஒரே தடவையா ஊத்தினது நான்தான். பதிவேட்டுல மட்டும் பிரிச்சு எழுதிட்டேன். எவன் கண்டுபிடிக்கப் போறான்னு நினைச்சேன். எவனும் கண்டுபிடிக்கல சார், இவ கண்டுபிடிச்சா!"

பதவி பறிபோகிற நேரத்தில் மனுஷன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

லாரி காலியாகத் திரும்பியது. தலைவர் பதவியும் அன்றே போயிற்று. அறிக்கையில், கண்டறிந்தவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்திட்டாள். அதற்குக் கீழே, தவறுக்குப் பொறுப்பு என்ற இடத்தில் அவர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"கோபமாங்க?" என்றாள் மெதுவாக.

"நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் ஒரே காகிதத்துல கையெழுத்துப் போட்டது இன்னிக்குத்தான்" என்றார் அவர். "அன்னிக்குக்கூட எனக்கு இவ்வளவு பெருமையா இல்ல, போ!"